கூப்பர் போனார், பாரதி வந்தார்

பொங்கல் லீவுக்குத் திருநெல்வேலி போயிருந்தபோது வீட்டில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை, சினிமாச் சண்டை. (கடைசியில் அது சொத்துக்கே வந்து நின்றது, அதைப் பிறகு சொல்கிறேன்.)

டி.வி.யில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலில், நான் தரையில், கையில் முறுக்குத் தட்டு. அக்கா மகள் காலேஜில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். போனைப் பார்த்தபடியே உள்ளே வந்தவள் டி.வி.யை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சித்தி, இது முழுக்கச் சுட்ட படம். தெரியுமா?" என்றாள்.

தெரியும். ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' நாவல்தான் 2000இல் ராஜீவ் மேனன் எடுத்த இந்தப் படத்துக்கு மூலம். படம் வந்த காலத்திலேயே ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது. ஆனால் அவள் அதோடு விடவில்லை. 1995இல் ஆங் லீ எடுத்த ஆங்கிலப் படத்தையும் போன மாதம் பார்த்திருக்கிறாள். எந்த சீன் எங்கேயிருந்து வந்தது என்று போனில் குறித்தும் வைத்திருக்கிறாள். ஒரு நிமிஷ ரீல்ஸாகப் போடப்போகிறாளாம். தலைப்புகூட ரெடி: 'நீங்கள் அழுத படம் நம்முடையதே இல்லை.'

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்துக்கு நானும் அழுதிருக்கிறேன். தியேட்டரில், அம்மாவின் பக்கத்து சீட்டில்.

"போடு. ஆனா போடுறதுக்கு முன்னாடி முழுசா ஒரு தடவை என்கூட உக்காந்து பாரு" என்றேன். உட்கார்ந்தாள், என்ன நினைத்தாளோ.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு அக்கா தங்கைகள். அக்கா சௌமியா எல்லாவற்றையும் மனதுக்குள் பூட்டி வைப்பவள், தபு. தங்கை மீனாட்சி எதையும் ஒளிக்கத் தெரியாதவள், ஐஸ்வர்யா ராய். கூடவே சின்னக் குழந்தையாக ஒரு கடைசித் தங்கை. தாத்தா இறந்ததும் செட்டிநாட்டு வீடு கையைவிட்டுப் போகிறது. அம்மாவும் பெண்களும் சென்னைக்கு வருகிறார்கள். அக்காவுக்கு சினிமா டைரக்டர் ஆகத் துடிக்கும் மனோகர், தங்கைக்குக் கவிதை சொல்லும் ஸ்ரீகாந்த். சற்றுத் தள்ளி, ஒரு காலை இழந்த மேஜர் பாலா.

நாவலில் எலினார், மரியான், கடைக்குட்டி மார்கரெட். எட்வர்ட், வில்லபி, கர்னல் பிராண்டன். ஆளுக்கு ஆள் அப்படியே பொருந்தும். அக்கா மகளின் பட்டியலில் தப்பு இல்லை. ஆனால் எது மாறவில்லை என்பதை மட்டும்தான் அவள் எழுதியிருந்தாள். எனக்கு ருசி எது மாறியது என்பதில்.

முதலில் அந்தக் கவிதையை எடுத்துக்கொள்வோம்.

ஆஸ்டினின் மரியானுக்குக் காதல் என்பதே புத்தகத்திலிருந்து வந்தது. கூப்பர் என்ற கவிஞரை யாராவது உணர்ச்சியில்லாமல் வாசித்தால் அவளுக்குத் தாங்காது. அக்காவை விரும்பும் எட்வர்ட் அப்படி வாசித்துவிட்டான் என்பதற்காகவே அவன்மேல் அவளுக்குக் குறை. வில்லபி வருகிறான். அவளுக்குப் பிடித்த புத்தகமெல்லாம் அவனுக்கும் பிடிக்கிறது. ஏதாவது ஒன்றில் மாற்றுக் கருத்து இருந்தாலும், அவள் கண்ணைப் பார்த்ததும் அது மறைந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்து 'ஹாம்லெட்' வாசிக்கிறார்கள். அதை முடிப்பதற்குள் அவன் போய்விடுகிறான்.

இதைத் தமிழில் எடுக்கிறீர்கள். கூப்பரை என்ன செய்வீர்கள்? நம்மில் கூப்பரைத் தெரிந்தவர் எத்தனை பேர்? இங்கிலாந்திலேயே இன்று அவரைப் பரீட்சைக்குத்தான் படிப்பார்கள் போலிருக்கிறது. ஆங் லீ படத்தில்கூட மரியானும் வில்லபியும் நெருங்கும் இடத்தில் ஷேக்ஸ்பியரின் ஒரு காதல் கவிதைதான் வருகிறது. திரைக்கதை எழுதிய எம்மா தாம்ப்ஸன் எலினாராக நடிக்கவும் செய்தார். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கரும் வாங்கினார். தியேட்டரில் உட்காருபவனுக்கு எந்தக் கவிஞர் உடனே பிடிபடுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ராஜீவ் மேனன் பாரதியைக் கொண்டுவந்தார். மீனாட்சிக்குப் பாரதி என்றால் உயிர். ஸ்ரீகாந்த் பாரதியைச் சொல்லித்தான் அவள் மனதுக்குள் நுழைகிறான். கண்ணம்மா பாட்டு ஒன்றை ஏ.ஆர்.ரஹ்மான் ஹரிஹரன் குரலில் படத்திலேயே வைத்தார்.

"அது ஒண்ணுதான் சித்தி இதுல நம்ம ஊரு" என்றாள் அக்கா மகள்.

அந்த ஒண்ணு சாதாரணமான ஒண்ணா என்ன? தமிழ் சினிமாவில் பாரதி வாசிக்கும் பையன் என்றால் ஒரு அர்த்தம் இருக்கிறது. 1947இல் ஏவி.எம். 'நாம் இருவர்' எடுத்தபோது டி.கே.பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார். சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு அது தியேட்டர் தியேட்டராக ஒலித்தது. அப்போது பாரதி பாடல்களைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி.மெய்யப்பனிடம் இருந்தது. ஒரு கவிஞன் பாட்டு ஒருவர் கையில் இருக்கலாமா என்று எழுந்த குரலுக்குப் பிறகுதான் ஓமந்தூரார் அரசு 1949இல் பாரதியை நாட்டுடைமையாக்க முன்வந்தது. அதன்பின் அவர் எல்லோர் வீட்டுப் பிள்ளை. 1980இல் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் வேலையில்லாத கமல் பாரதியைச் சொல்லும்போது, இவன் பசித்தாலும் தலைகுனிய மாட்டான் என்று நமக்குத் தெரியும். 'கண்டுகொண்டேன்' வந்த அதே 2000இல்தான் ஞான ராஜசேகரனின் 'பாரதி' படமும் வந்தது.

ஆக, பாரதியைச் சொல்லும் பையன் நல்லவன். ஐம்பது வருஷமாக நமக்குள் ஊறிப்போன நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையைத்தான் ஸ்ரீகாந்த் உடைக்கிறான். அவன் நடத்தும் பைனான்ஸ் கம்பெனி கவிழ்கிறது. தப்பிக்க ஒரு மந்திரி மகளைக் கட்டிக்கொள்கிறான். மீனாட்சி மட்டும் ஏமாறவில்லை, அவளோடு சேர்ந்து நாமும் ஏமாறுகிறோம். 1990களில் பைனான்ஸ் கம்பெனியில் பணத்தைப் போட்டுவிட்டு பூட்டிய ஷட்டர் முன்னால் நின்ற குடும்பங்களுக்கு அது இன்னொரு விதத்திலும் வலித்திருக்கும்.

அம்மாவிடம் கேட்டேன், ஸ்ரீகாந்த் மோசமானவன் என்று முதலிலேயே தெரிந்ததா என்று.

"எப்பிடித் தெரியும்? பாரதியார் பாட்டுல்லா சொல்லுதான்!"

கல்லூரியில் இதற்கு 'ஊடிழைப் பிரதி' என்று பெயர் சொல்வார்கள். வாயில் நுழைவதற்குள் பஸ் போய்விடும். ஒரு படைப்புக்குள் இன்னொரு படைப்பு வந்து நின்று பேசுவது, அவ்வளவுதான். ஒரு பாணியையே அப்படியே போலச் செய்வது இன்னொரு வகை. நான் இரண்டையும் சேர்த்து 'சாயல்' என்று சொல்லிக்கொள்கிறேன். குழந்தையைப் பார்த்து, "மூக்கு அப்படியே தாத்தா மூக்கு" என்கிறோம் இல்லையா? குழந்தை மூக்கைத் திருடிவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

இந்தப் படத்தின் தலைப்பிலேயே ஒரு சாயல் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் முதல் பதிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'கண்டுகொண்டேன்'. திசை தெரியாமல் அலைந்து கடைசியில் கண்டுகொண்ட ஒருவரின் சொல் அது. யாரை நேசிக்க வேண்டும் என்று தெரியாமல் தடுமாறிக் கண்டுகொள்ளும் பெண்களின் கதைக்கு அதைவிடப் பொருத்தமாக வேறென்ன வைக்க முடியும்? வைத்தவர் ஆழ்வாரை நினைத்துத்தான் வைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பெருமாள் கோயில் வாசல்படி ஏறியவர் காதில் அது கேட்கும். படத்துக்கு வசனம் சுஜாதா, அவர் வளர்ந்தது ஸ்ரீரங்கம். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

மேஜருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இவர்தான்.

நாவலின் கர்னல் பிராண்டனுக்கு 35 வயது. மரியானுக்கு 17கூட நிரம்பவில்லை. அவர் ஃபிளானல் துணியில் உள்சட்டை போடுகிறார் என்பதற்காகவே அவள் அவரைக் கிழவர் கணக்கில் தள்ளிவிடுகிறாள். வாதநோய்க்காரர்கள் போடும் உடுப்பாம் அது. இந்த பிராண்டன் பட்டாளத்தோடு இந்தியப் பக்கம் போய்விட்டு வந்தவர். அவர் என்ன கதை சொல்லிவிடப்போகிறார், நவாபும் தங்க மொகராவும் பல்லக்கும் தவிர என்று வில்லபி கேலி செய்யும் இடம் உண்டு. 1811இல் ஓர் ஆங்கிலப் பெண்மணி எழுதிய வீட்டுக் கதைக்குள் நம்மூர்ப் பல்லக்கு போய் உட்கார்ந்திருக்கிறது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, லேசாக ஒரு கசப்பும்.

தமிழில் அந்தக் கர்னல் என்ன ஆகிறார்? இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப் படையில் இருந்து, அங்கே ஒரு காலை இழந்து திரும்பிய மேஜர் ஆகிறார். அந்தப் படை 1987இல் போய் 1990இல் திரும்பியது. எதற்குப் போனோம் என்று ஊரில் யாரும் பெருமையாகப் பேசாத ஒரு போரிலிருந்து வந்தவர். குடிக்கிறார், பூந்தோட்டம் வைத்திருக்கிறார், வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டார். மம்மூட்டி அந்த மௌனத்தை அப்படியே சுமந்து நடக்கிறார். ஃபிளானல் சட்டையைப் பார்த்து ஒரு பெண் ஒதுங்கினால் சிரிக்கலாம். காலில்லாதவரைப் பார்த்து ஒதுங்கினால் சிரிக்க முடியாது. ஒரே கதை, ஒரே இடம். எடை மட்டும் கூடிவிட்டது.

மீனாட்சி முதல் பாட்டை ரெக்கார்டிங் செய்துவிட்டு, மனம் உடைந்து, சென்னைத் தெருவில் மூடியில்லாத பாதாளச் சாக்கடைக் குழியில் விழுகிறாள். மேஜர் காப்பாற்றுகிறார். "இது ஆங் லீ படத்துல மழைல பிராண்டன் மரியானைத் தூக்கிட்டு வர்ற சீன்" என்றாள் அக்கா மகள். சரிதான். ஆனால் நாவலில் அது இல்லவே இல்லை! நாவலில் மரியானைத் தூக்கி வருவது வில்லபி, குன்றில் ஓடி அவள் கால் பிசகிய அன்று. பிராண்டன் தூக்குவதில்லை. அவள் ஈரப் புல்லில் நடந்து காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். அவர் அவளுடைய அம்மாவை அழைத்து வர வண்டி எடுத்துக்கொண்டு ஓடுகிறார். சினிமாவுக்கு அது போதாது. முதலில் தவறான ஆள் தூக்கினான், கடைசியில் சரியான ஆள் தூக்குகிறார் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆங் லீ படம் செய்தது அதைத்தான். நம் படம் அதை வாங்கி, மழைப் புல்வெளிக்குப் பதிலாக மூடியில்லாத ஒரு சென்னைக் குழியை வைத்தது. கார்ப்பரேஷனுக்கு ஒரு குட்டு வைத்த மாதிரியும் ஆயிற்று.

எட்வர்டைச் சொல்லாமல் விட்டால் அஜித் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாவலில் எட்வர்டுக்குப் பாதிரியார் ஆக ஆசை, வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழில் சினிமா டைரக்டர் ஆக ஆசை. பூசைக்கும் சினிமாவுக்கும் இங்கே எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள். நாவலில் அவனுக்கு ரகசியமாக ஒரு நிச்சயதார்த்தம். எலினார் அதை மாதக்கணக்கில் ஒருவரிடமும் சொல்லாமல் விழுங்கி வைத்திருக்கிறாள். படத்தில் அது ஒரு நடிகையோடு வரும் கிசுகிசுவாகச் சுருங்கிவிட்டது. இந்த இடத்தில் மூலம்தான் ஒரு படி மேல். தபுவுக்கு அந்த ரகசியத்தைக் கொடுத்திருந்தால் இன்னும் என்ன செய்திருப்பாரோ! பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது நம்மூர்ச் சுமை. பார்த்த மாப்பிள்ளை இறந்துபோனதால் 'ராசியில்லாதவள்' என்ற பட்டம். ஆஸ்டினில் இது கிடையாது. இங்கே எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து நாவலைக் கஷ்டப்பட்டுக் காரைக்குடிப் பக்கம் கொண்டுவந்துவிட்டு, தலைப்புப் பாட்டுக்கு மறுபடி ஸ்காட்லாந்துக் கோட்டைக்கே போய்விட்டார்கள். ஃப்ளைட் டிக்கெட்டை மிச்சம் பிடித்திருக்கலாம்.

'சுட்டது' என்ற வார்த்தையை அக்கா மகள் இன்னும் விடவில்லை. நான் தொல்காப்பியத்தை இழுத்தேன். முதல்நூல், வழிநூல் என்று நமக்கு இரண்டாயிரம் வருஷத்துக் கணக்கு இருக்கிறது. சுருக்கித் தரலாம், விரித்துத் தரலாம், இரண்டையும் கலந்து தரலாம், வேறு மொழியிலிருந்து கொண்டுவந்து இந்த மண்ணின் வழக்கப்படி கட்டலாம். நாலும் வழிநூல், நாலுக்கும் மரியாதை உண்டு. கம்பர் வால்மீகியின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார், பாற்கடலை நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனை என்று தன்னைத் தாழ்த்திக்கொண்டு. அப்புறம் அந்தப் பூனை செய்த வேலையைப் பாருங்கள். வால்மீகியில் வில்லை முறிப்பதற்கு முன் ராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. மிதிலைத் தெருவில் அவன், மாடத்தில் அவள், கண்ணும் கண்ணும் சந்திப்பது கம்பர் வைத்தது. அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை தமிழ் சினிமா ஹீரோ நிமிர்ந்து பார்க்க ஒரு மாடி தேவைப்படுகிறது.

பெயரைச் சொல்லிவிட்டு எடுப்பது ஒன்று, சொல்லாமல் எடுப்பது வேறு. அந்தக் கோபத்தை அவளிடமிருந்து நான் பிடுங்கப் பார்க்கவில்லை. எழுத்தாளனுக்குப் போக வேண்டிய பெயரும் பணமும் போகாத கதைகள் இந்த ஊரில் நிறைய. ஆனால் மூலத்தை மறைத்தால்தான் பிழைக்கும் படமும், மூலம் தெரிந்தால் இன்னும் ருசிக்கும் படமும் ஒன்றா?

'தளபதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் மணிரத்னம் எடுத்தது. சூர்யா கர்ணன், தேவா துரியோதனன், தம்பி அர்ஜுன், அம்மா கல்யாணி குந்தி. யாரும் ஒளிக்கவில்லை. ரஜினி வரும் இடமெல்லாம் சூரியனை நிறுத்தியிருப்பார் சந்தோஷ் சிவன். 1964இல் வந்த சிவாஜியின் 'கர்ணன்' பார்த்து அழுத ஊர் இது. கர்ணன் சாவான் என்று எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்ததால்தான் கடைசி அரைமணி நேரம் வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் படம் கதையைத் திருப்பிவிடுகிறது. தேவா போகிறான், சூர்யா இருக்கிறான். மகாபாரதம் தெரியாத ஒருவருக்கு அது ஒரு சண்டைப் படத்தின் முடிவு. தெரிந்தவருக்கு, குந்திக்கு ஒருமுறையாவது பிள்ளை திரும்பக் கிடைத்த கதை. அந்தக் குந்தியும் இந்தப் படத்தில் வீட்டை இழக்கும் அம்மாவும் ஒரே ஸ்ரீவித்யா. 'தளபதி' தேவாவும் இந்த மேஜரும் ஒரே மம்மூட்டி. பார்க்கிறவன் மனதில் படங்கள் தனித்தனி அலமாரியில் இருப்பதில்லை.

2021இல் வந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' இதை இன்னும் கூர்மையாகச் செய்தது. மகாபாரதத்தைத் திரும்பச் சொல்லும் படம் இல்லை அது. 1995இல் கொடியங்குளத்தில் நடந்ததன் நிழல் விழுந்த, ஒடுக்கப்பட்ட மக்களின் கிராமத்துக் கதை. ஆனால் ஊரில் கர்ணன் இருக்கிறான், திரௌபதி இருக்கிறாள், ஊர்ப் பெரியவர் பெயர் துரியோதனன். எதிரே வரும் போலீஸ் அதிகாரியின் பெயர் கண்ணபிரான். மாடசாமியின் மகனுக்குத் துரியோதனன் என்று பெயரா என்பதே அந்த அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. கிழவர்களைக் கூரைமேல் போட்டு அடிக்கிறான். சாயல் என்று நான் சொல்வது வெறும் ரசனை விளையாட்டு இல்லை என்று அங்கே புரிந்தது. பழைய கதையிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு என்பதற்கே இங்கே அடி விழுகிறது.

அக்கா மகள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

டி.வி.யில் இதற்குள் உயில் சீன் வந்துவிட்டது. தாத்தாவின் பெட்டியைத் திறக்கிறார்கள். சொத்து முழுக்க மகனுக்கு. வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளுக்கு ஒன்றும் இல்லை. அவளும் அவள் பெண்களும்தான் இத்தனை வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள்.

"இதை மட்டும் மாத்திட்டாங்க. ஆங் லீ படத்துல சட்டப்படியே மகனுக்குத்தான் போகும்" என்றாள் அவள்.

"நாவல்ல?" என்றேன்.

போனில் முதல் அத்தியாயத்தைத் தேடினாள். நாவலிலும் உயில்தான். ஒரு கிழவர் தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்களை விட்டுவிட்டு, எப்போதாவது வந்து மழலை பேசிய ஒரு குட்டிப் பையனுக்காகச் சொத்தைக் கட்டிவைத்துவிட்டுப் போகிறார். ஆங்கிலப் படம் அதைச் சட்டம் என்று சுருக்கிவிட்டது. இந்த இடத்தில் மூலத்துக்கு நெருக்கமாக நிற்பது தமிழ்ப் படம்தான்.

அதற்கு நம்மூரில் காரணமும் இருக்கிறது. 1989இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு மட்டும் அது இல்லை. நாடு முழுவதற்கும் வந்தது 2005இல். ஆகவே 2000இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 'சட்டப்படி மகனுக்கே' என்று கதை எழுதினால் எவராவது எழுந்து கேள்வி கேட்பார். உயில் என்றால் கேட்க முடியாது. தானே சம்பாதித்ததை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். சட்டம் கொடுத்ததை ஒரு கையெழுத்து எடுத்துவிடும்.

அம்மா முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு கையெழுத்து உண்டு. உயில் இல்லை, விடுதலைப் பத்திரம். தாத்தா இறந்த மறு வருஷம் பெரிய மாமா வந்து, "நீ வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்" என்றார். அம்மாவும் சித்திகளும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேருக்கும் சேலை எடுத்துக் கொடுத்தார் மாமா. அந்தச் சேலையை அம்மா உடுத்தி நான் பார்த்ததில்லை.

"அடுத்த அத்தியாயத்தை ஆச்சிக்கு வாசி" என்றேன். "தமிழ்ல சொல்லிக்கிட்டே வாசி."

உங்களுக்கும் சொல்கிறேன். ஆஸ்டின் எழுதியதிலேயே கூர்மையான சில பக்கங்கள் இவை. அப்பா சாகும் தறுவாயில் மகன் ஜானிடம், உன் சிற்றன்னையையும் தங்கைகளையும் பார்த்துக்கொள் என்கிறார். ஜானும் மனதார, தங்கைக்கு ஆயிரமாக மூவாயிரம் பவுண்டு கொடுப்பது என்று முடிவு செய்கிறான். அதை மனைவி ஃபேனியிடம் சொல்கிறான். அவ்வளவுதான். நம் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்கிறாள் அவள். சரி, பாதியாகக் குறைத்துவிடுவோம். அதுவும் அதிகம். சிற்றன்னைக்கு வருஷத்துக்கு நூறு பவுண்டு? ஐயோ, வருஷா வருஷம் என்றால் ஆட்கள் சாகவே மாட்டார்கள். அப்படியானால் எப்போதாவது ஓர் ஐம்பது? அதுகூட எதற்கு, உங்கள் அப்பா பணத்தைச் சொல்லியே இருக்கமாட்டார். கோபமில்லாமல், சத்தமில்லாமல், பாசம் குறையாமல், படி படியாக இறங்குகிறார்கள்.

அக்கா மகள் ஐம்பது பவுண்டு வரைக்கும் வந்திருந்தாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டான் பாரு" என்றாள் அம்மா. "வீடு மாத்துததுக்கு வண்டி பிடிச்சுத் தாரேம்பான். தோட்டத்துல விளைஞ்சதுல கொஞ்சம் அனுப்புதேம்பான்."

அக்கா மகள் போனைப் பார்த்தாள், ஆச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாவலில் அடுத்து வருவது அதுதான். வீடு பார்க்க உதவுவது, சாமான்களை ஏற்றி அனுப்புவது, சீசனில் மீனும் வேட்டைக் கறியும் கொடுத்தனுப்புவது.

"ஆச்சி, நீங்க முன்னாடியே படிச்சிருக்கீங்களா?"

"நான் எங்கட்டி படிச்சேன்? எங்க அண்ணன் வருஷா வருஷம் பொங்கலுக்கு ரெண்டு தேங்காயும் ஒரு கட்டுக் கரும்பும் அனுப்புவான். அப்புறம் கரும்பு நின்னுபோச்சு. இப்ப போன்ல வாழ்த்து."

அவள் சொன்னது கேலியாகவா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. டி.வி.யில் ஸ்ரீவித்யாவும் பெண்களும் வீட்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். 2000இல் தியேட்டரில் அம்மா இந்த இடத்தில்தான் அழுதாள். நான் ஐஸ்வர்யா ராய்க்காக அழுதபோது, அவள் இதற்கு அழுதிருக்கிறாள். இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது.

ரீல்ஸ் அன்று போடவில்லை. பிறகு போட்டாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் படம் முடிந்த பிறகும் அம்மா அவளை விடவில்லை.

"ஏட்டி, இதை எழுதுன பொம்பளைக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"ஆறு பேரு ஆச்சி."

"வசதியானவனா?"

அக்கா மகள் தேடிச் சொன்னாள். ஓர் அண்ணன், எட்வர்ட், பணக்கார உறவினர்களுக்குத் தத்துப் போய்ப் பெரிய எஸ்டேட்டுக்கு வாரிசானவர். 1805இல் அப்பா இறந்த பிறகு ஜேனும் அக்காவும் அம்மாவும் ஊர் ஊராக, உறவினர் வீடுகளிலும் வாடகை இடங்களிலும் இருந்தார்கள். அண்ணன் தம்பிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினார்கள். 1809இல் அந்த எட்வர்ட் சாட்டன் என்ற ஊரில் ஒரு சின்ன வீட்டை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். இளம் வயதில் எழுதி வைத்திருந்த இந்தக் கதையை ஜேன் திருத்தி முடித்தது அங்கேதான். 1811இல் புத்தகமாக வந்தபோது அட்டையில் பெயர் இல்லை. 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருந்தது.

அம்மா விரல் விட்டு எண்ணினாள்.

"நாலு வருஷம் களிச்சா குடுத்தான்?"

"ஆமா ஆச்சி."

"குடுத்தாம்லா" என்று சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.